செக்ஷன் 8 வவுச்சர்: அம்மாவுக்கு வீடு விட முடியாது, அத்தைக்கு விடலாம்

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வருமானம் குறைவு. வருடக்கணக்கில் காத்திருந்து அரசின் வாடகை உதவி வவுச்சர் கைக்கு வந்திருக்கிறது. மகனுக்கு அதே ஊரில் வாடகைக்கு விடுகிற வீடு ஒன்று காலியாகக் கிடக்கிறது. அம்மா அங்கே குடிவந்தால் அவருக்கும் நிம்மதி, மகனுக்கும் வாடகை வரும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அமெரிக்காவில் இது நடக்காது, விதியே நேரடியாகத் தடுக்கிறது. அதே வீடு மகனுடையதாக இல்லாமல் அந்த அம்மாவின் அக்கா மகனுடையதாக இருந்தால் தடை கிடையாது.

உறவினருக்கு வாடகைக்கு விடுவதே தப்பு என்று சிலரும், மார்க்கெட் வாடகை வாங்கினால் போதும் என்று சிலரும் நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. விதி பார்ப்பது மூன்றே விஷயம்: உறவு பட்டியலில் இருக்கிறதா, பத்திரத்தில் யார் பெயர், வீட்டில் யார் குடியிருக்கிறார்கள். பாசமோ நேர்மையோ இந்தக் கணக்கில் வராது.

## பணம் எப்படிப் போகிறது

பொதுவாக ‘செக்ஷன் 8’ என்று சொல்லப்படும் திட்டத்தின் இன்றைய பெயர் ஹவுசிங் சாய்ஸ் வவுச்சர். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் விட்டது. ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை பணம் தருகிறது. நாடு முழுக்க உள்ள சுமார் 2,000 உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டிகள் அதை நடத்துகின்றன. ஏறத்தாழ 23 லட்சம் குடும்பங்கள் பயன்பெறுகின்றன. தகுதி இருந்தும் கிடைக்காதவர்கள் இதைவிடப் பல மடங்கு. மத்திய அரசின் வாடகை உதவிகள் அத்தனையையும் கூட்டினாலும், தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் உதவி எட்டுகிறது.

வவுச்சர் என்பது குடும்பத்தின் கையில் கொடுக்கிற ரொக்கம் இல்லை. குடும்பம் தனியார் வீடு ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அத்தாரிட்டி அந்த வீட்டைச் சோதனை போட்டு, கேட்கிற வாடகை அக்கம்பக்கத்து வாடகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் வீட்டுக்காரரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டு, தன் பங்கை மாதாமாதம் நேராக அவருக்கே அனுப்பிவிடும். மீதியைக் குடித்தனக்காரர் கொடுப்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழிவுகள் போக அம்மாவின் மாத வருமானம் 1,200 டாலர். அந்த ஊரில் அந்த அளவு வீட்டுக்கு அத்தாரிட்டி வைத்திருக்கும் உச்சத் தொகை 1,500 டாலர். மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து வாடகை 1,450.

1. அம்மாவின் பங்கு வருமானத்தில் 30 சதவீதம், அதாவது 360 டாலர்.
2. அரசின் பங்கு மீதி 1,090 டாலர். வருடத்துக்கு 13,080.
3. வாடகை 1,600 என்றால் 1,500க்கு மேலான 100 டாலரும் அம்மா தலையில் விழும். அவர் கட்டுவது 460 ஆகிவிடும். வாடகை உச்சத் தொகையைத் தாண்டும்போது, புதிதாகக் குடிபோகிறவரின் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தை மீறக் கூடாது. இங்கே அது 480. அதனால் 1,620 வரைக்கும் சமாளிக்கலாம், 1,650 என்றால் அனுமதி கிடைக்காது.

இரண்டாவது வரிதான் விவகாரத்தின் மையம். வீட்டுக்காரர் மகனாக இருந்தால், அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக மகனுக்கு அரசு வருடம் 13,000 டாலருக்கு மேல் கொடுப்பதாகிவிடுகிறது.

## ஆறு உறவுகள்

1998 ஜூனில் அமலுக்கு வந்த விதி இப்படிச் சொல்கிறது: வீட்டின் உரிமையாளர், வவுச்சர் வைத்திருக்கும் குடும்பத்தில் உள்ள யாராவது ஒருவருக்கு அப்பா அல்லது அம்மா, மகன் அல்லது மகள், தாத்தா அல்லது பாட்டி, பேரன் அல்லது பேத்தி, சகோதரர், சகோதரி என்றால் ஹவுசிங் அத்தாரிட்டி அந்த வீட்டை அனுமதிக்கக் கூடாது.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். பிள்ளை வீட்டில் சும்மா இருக்கும் பெற்றோருக்குக் காகிதத்தில் மட்டும் வாடகை காட்டுவது எளிது. வாடகை உண்மையிலேயே கைமாறியதா, பாக்கி வைத்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் போய்த் துருவ அத்தாரிட்டிகளிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் எண்ணத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, நெருங்கிய உறவு என்றாலே வேண்டாம் என்று கோடு போட்டுவிட்டார்கள். நேர்மையான மகனும் இதில் சேர்ந்து அடிபடுகிறார் என்பது உண்மை. ஆனாலும் வரிசையில் நிற்கிற மற்ற மூன்று குடும்பங்களை நினைத்தால், இந்த முரட்டுக் கோட்டை முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை.

‘யாராவது ஒருவருக்கு’ என்ற சொற்களைத்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். விவாகரத்தான பெண் ஒருவர் தன் பத்து வயது மகனோடு வவுச்சரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னாள் மாமனார் தன் வீட்டை வாடகைக்குத் தர முன்வருகிறார். அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் இப்போது எந்த உறவும் இல்லை. ஆனால் பையனுக்கு அவர் தாத்தா. ஆகவே அனுமதி இல்லை. முன்னாள் கணவரே வீட்டைக் கொடுத்தாலும் இதே கதிதான், அவர் பையனுக்கு அப்பா.

## பட்டியலில் இல்லாதவர்கள்

அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள், அக்கா மகன், அண்ணன் மகள் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. மருமகன், மருமகள், மாமனார், மாமியார், மைத்துனர் ஆகியோரும் இல்லை. தமிழ்க் குடும்பங்களில் பெரியம்மா மகனைக் கூசாமல் ‘எங்கண்ணன்’ என்று சொல்லிக்கொள்வோம். அத்தாரிட்டியின் படிவத்தில் அவர் அண்ணன் இல்லை, கசின். படிவத்தை நிரப்பும்போது வாய்ப்பழக்கத்தில் ‘பிரதர்’ என்று எழுதிவைத்தால், கிடைக்க வேண்டிய அனுமதி வீணாக இழுபடும்.

சரி, மருமகன் பட்டியலில் இல்லையே, மாமியாருக்கு வீட்டை விடலாம்தானே? இங்கேதான் பத்திரம் குறுக்கே வருகிறது. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், மனைவியும் உரிமையாளர். அவர் குடித்தனக்காரரின் மகள். கதை முடிந்தது. பத்திரத்தில் மருமகன் பெயர் மட்டும் இருந்தாலும், மண வாழ்க்கையில் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்று கொள்கிற கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் மகளுக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும்.

எல்.எல்.சி. கம்பெனி ஒன்றைத் தொடங்கி வீட்டை அதன் பெயருக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்காரர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ‘உரிமையாளர், அவருக்குப் பின்னால் உள்ள முக்கியப் பங்குதாரர், அல்லது அக்கறையுள்ள வேறு எவரும்’ அந்த ஆறு உறவில் இல்லை என்ற உறுதிமொழி இருக்கிறது. கம்பெனியின் முதலாளி மகன் என்றால், அந்தக் கையெழுத்து பொய்க் கையெழுத்து. வாடகை வசூலுக்கு ஒரு மேனேஜரை அமர்த்துவதாலும் உரிமையாளர் மாறிவிடுவதில்லை.

## ஒரே கூரையின் கீழ்

உறவுப் பட்டியலைத் தாண்டிவிட்டாலும் இன்னொரு தடை உண்டு. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக வவுச்சர் செல்லாது. ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் ‘ஷேர்டு ஹவுசிங்’ முறையில் மட்டும் உரிமையாளரும் அங்கேயே இருக்கலாம். ஆனால் அங்கே விதி இன்னும் கறார். கூடவே குடியிருக்கும் உரிமையாளருக்குக் குடித்தனக்காரர் ரத்த வழியிலோ திருமண வழியிலோ உறவாக இருக்கக் கூடாது. தனி வீட்டுக்குப் பட்டியலில் வராத மருமகனும் அத்தை மகனும் இங்கே சிக்கிவிடுவார்கள்.

டூப்ளெக்ஸ் வீட்டின் ஒரு பாதியில் உரிமையாளர், தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள மறு பாதியில் குடித்தனக்காரர் என்றால் அவை இரண்டு வீடுகள். அங்கே ஆறு உறவுப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

## விதிவிலக்கு ஒன்றே ஒன்று

குடித்தனக் குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்து, அந்த உறவினரின் வீடு அவருடைய தேவைக்குப் பொருந்துகிறது என்று அத்தாரிட்டி ஏற்றுக்கொண்டால், பெற்ற மகனின் வீட்டையும் அனுமதிக்கலாம். ‘நியாயமான இசைவு’ என்று இதைச் சொல்லலாம். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவிலிருந்து வளர்ந்து வந்த உரிமை இது.

இதில் மூன்று இடங்களில் விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன.

1. மாற்றுத்திறனாளி குடித்தனக் குடும்பத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் உடல்நிலை கணக்கில் வராது.
2. வயது மட்டும் காரணமாகாது. ‘அம்மாவுக்கு 78 வயது’ என்பது போதாது. முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாது, மறதி நோயால் தனியே விட முடியாது என்பன போன்ற குறைபாடு இருக்க வேண்டும்.
3. குறைபாட்டுக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான் என்பது என் கணிப்பு. டாக்டரின் கடிதம் நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு வீட்டைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் முடிந்துவிடுகிறது.

நல்ல கடிதம் எப்படி இருக்கும்? ஆட்டிசம் உள்ள 25 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சொந்தமாக வவுச்சர் இருக்கிறது. பெற்றோர் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சிறிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். மருந்து கொடுக்கவும், பதற்றம் வரும் இரவுகளில் ஐந்து நிமிடத்தில் ஓடிவரவும் ஆள் வேண்டும், பழகாத இடமும் பழகாத ஆட்களும் அவர் நிலையை மோசமாக்குகின்றன, சுற்றுவட்டாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மற்ற வீடுகளில் இந்த வசதி இல்லை என்று கடிதம் சொல்ல வேண்டும். நோயின் முழு வரலாறு தேவையில்லை, அத்தாரிட்டி அதைக் கேட்கவும் கூடாது. கடிதம் டாக்டரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. நிலைமையை நன்கு அறிந்த சிகிச்சையாளரோ சமூகப் பணியாளரோ எழுதலாம்.

அனுமதி வந்த பிறகே லீஸில் கையெழுத்துப் போடுங்கள். குடிவந்துவிட்டு அப்புறம் மனுப் போட்டால், இடைப்பட்ட மாதங்களுக்கு அரசின் பங்கு வராது.

## அனுமதி உள்ள உறவானாலும்

சித்திக்கு வீடு விடுகிறீர்கள், அத்தாரிட்டியும் சரி என்றுவிட்டது. இனிக் கவனிக்க வேண்டியது நம் வீட்டுப் பழக்கம். ‘சித்திகிட்ட எப்படிப் பணம் வாங்குறது’ என்று அவருடைய 360 டாலரை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து ஒழுங்காக வருகிற பண உதவி வவுச்சர் கணக்கில் வருமானம். அதைச் சொல்லாமல் விட்டால் வருமானத்தை மறைத்த குற்றம் சித்தி மேல் விழும். பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் கொடுக்கிற அன்பளிப்பு வேறு, அதில் பிரச்சினை இல்லை.

எதிர்த்திசையிலும் இதே ஆபத்து இருக்கிறது. அத்தாரிட்டி ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் கையில் தனியாக வாங்குவது ஒப்பந்த மீறல்.

உறவை மறைத்தது பிற்பாடு தெரியவந்தால் வந்த உதவித் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வவுச்சர் பறிபோகும். இது வேண்டுமென்றே செய்த மோசடி என்று ஹட் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் முடிவு செய்தால் மத்திய குற்ற வழக்கும் வரலாம்.

## வருமான வரிக்கு வேறு பட்டியல், எஸ்.எஸ்.ஐ.க்கு இன்னொன்று

அரசு அனுப்பும் பங்கும் வீட்டுக்காரருக்கு வாடகை வருமானமே. முழுத் தொகையையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

உறவினருக்கு விட்ட வீட்டின் செலவுகளைக் கழிக்கலாமா என்பதில் வருமான வரித்துறைக்குச் சொந்தப் பட்டியல் இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், மேல்வழி முன்னோர், கீழ்வழி வாரிசுகள். அவர்களுக்கு நியாயமான மார்க்கெட் வாடகைக்கு விட்டு, அது அவர்களின் முதன்மை வீடாகவும் இருந்தால் வழக்கமான வாடகைச் சொத்துதான். வாடகையைக் குறைத்தால் அந்த நாட்கள் உங்கள் சொந்த உபயோகமாகக் கொள்ளப்படும். தேய்மானமோ நஷ்டமோ காட்டிக் கழிக்க முடியாது. ‘வவுச்சர் வேண்டாம், அம்மாவிடம் 400 டாலர் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று முடிவெடுப்பவர்களை இது நேரடியாகப் பாதிக்கும்.

அம்மா எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு மாதாமாதம் தரும் உதவித் தொகை) வாங்குகிறவர் என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெற்றோர், பிள்ளை உறவில் வாடகையைக் குறைத்தால் அந்தத் தள்ளுபடி அவருக்கு வருமானமாகக் கருதப்பட்டு உதவித் தொகை குறையலாம். வீட்டுக்காரரின் மனைவி அல்லது கணவரின் பெற்றோருக்கும் இது பொருந்தும், அதாவது மருமகன் இங்கே பட்டியலில் உண்டு. 2024 செப்டம்பர் 30 முதல் இந்த விதி தளர்ந்தது. கேட்கிற வாடகை ஒரு குறிப்பிட்ட தொகையை எட்டினாலே போதும், மார்க்கெட் வாடகையோடு ஒப்பிட மாட்டார்கள். முன்பு ஏழு மாநிலங்களில் மட்டும் இருந்த சலுகை நாடு முழுக்க வந்தது. 2025இல் அந்தத் தொகை 342.33 டாலர்.

## பிரிட்டன் கோடு போட்ட இடம் வேறு

லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்க விதியைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே மகன் வீட்டில் அம்மா வாடகைக்கு இருந்துகொண்டு உதவி பெற முடியும். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் என்றால் ஹவுசிங் பெனிஃபிட், இளையவர் என்றால் பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதி. பார்ப்பது இவைதான்:

1. வீட்டுக்காரரான நெருங்கிய உறவினர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா? ஆம் என்றால் உதவி இல்லை. இந்தப் பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரோடு மாமனார், மாமியார், மருமகன், மருமகளும் உண்டு. தாத்தா, பாட்டி இல்லை. இந்த இரண்டிலும் அமெரிக்கப் பட்டியலுக்கு நேர் எதிர்.
2. ஏற்பாடு வியாபார ரீதியானதா, உதவிக்காகவே ஜோடிக்கப்பட்டதா? எழுத்தில் ஒப்பந்தம், வங்கி வழியாக வாடகை, உதவி மறுக்கப்பட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில், இவற்றை அதிகாரிகள் எதிர்பார்ப்பார்கள்.
3. ஹவுசிங் பெனிஃபிட்டில் ஒரு கண்ணி: அந்த வீடு கடந்த ஐந்து வருடத்துக்குள் குடித்தனக்காரருக்கே சொந்தமாக இருந்ததா? அப்பா தன் வீட்டை மகனுக்கு விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு இருந்தால், விற்காமல் அந்த வீட்டில் தொடர்ந்திருக்கவே முடியாது என்று நிரூபித்தாலொழிய உதவி கிடைக்காது.

## படிவத்தைக் கொடுப்பதற்கு முன்

அமெரிக்காவில் ஒரு வீட்டை முடிவு செய்ததும் அத்தாரிட்டியிடம் குடித்தன அனுமதிக் கோரிக்கைப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். உறவு பற்றிய உறுதிமொழி அதிலேயே இருக்கிறது. பத்திர நகல், கம்பெனி பெயரில் இருந்தால் அதன் பங்குதாரர் விவரம், உறவை விளக்கும் ஒரு வரி ஆகியவற்றை ஈமெயிலில் அனுப்பி, ‘இந்த உரிமையாளரை ஏற்பீர்களா’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். போனில் யாரோ ‘பரவாயில்லை’ என்றது பின்னால் உதவாது.

பதில் ‘முடியாது’ என்றாலும் வவுச்சர் செத்துப்போவதில்லை. வவுச்சர் கைக்கு வந்த நாளிலிருந்து வீடு தேட முதலில் குறைந்தது 60 நாள் தருகிறார்கள், அதை நீட்டித்துத் தரவும் அத்தாரிட்டிக்கு அதிகாரம் உண்டு. ஒரு படிவம் பரிசீலனையில் இருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. மகன் வேறு ஊரில் இருந்தால் வவுச்சரை அந்த ஊர் அத்தாரிட்டிக்கு மாற்றிக்கொண்டு, அவர் வீட்டுத் தெருவிலேயே வேறொருவரின் வீட்டில் அம்மா குடியேறலாம். அதற்கு எந்த உறவு விதியும் குறுக்கே நிற்பதில்லை.